பெயர் ஒட்டாத டப்பா

ஜனவரி 8, 2024

கூட வேலை பார்க்கும் எகிப்துக்காரர் லீவு முடிந்து கெய்ரோவிலிருந்து வந்துவிட்டார். வந்ததும் என் மேசையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவை வைத்தார். உள்ளே ஹூக்காவில் போடுகிற புகையிலை. அவர் தெருமுனையில் இருக்கும் காபிக்கடைக்காரர் சொந்தமாகக் கலப்பதாம். என்னென்ன சேர்க்கிறார் என்று யார் கேட்டாலும் வாய் திறப்பதில்லை. "எசன்ஸ் கம்பெனியில்தானே இருக்கிறாய், கண்டுபிடி பார்க்கலாம்" என்றார்.

எனக்குப் புகைக்கிற பழக்கம் கிடையாது. பிஸ்கட்டுக்கும் ஐஸ்கிரீமுக்கும் வாசனை சேர்ப்பதுதான் துபாயில் எனக்குப் பிழைப்பு. மூக்கை வைத்தே இதைப் பிரித்துவிட முடியுமா என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.

மூடியைத் திறந்ததும் முதலில் வந்தது சோம்பு மாதிரியான இனிப்பு வாசனை. இதில் ஆச்சரியம் இல்லை. இந்தப் பக்கத்தில் ஷீஷா என்று சொல்லும் ஹூக்காக் கடைகளில் அதிகம் ஓடுகிற 'இரட்டை ஆப்பிள்' வகையிலேயே ஆப்பிளைவிட இந்த வாசனைதான் தூக்கலாக நிற்கும். அது பழக்கமில்லாதவர்கள், பெட்டியில் ஆப்பிள் படத்தைப் பார்த்துவிட்டு மூக்குக்குள் ஆப்பிளைத் தேடிக்கொண்டே இருப்பார்கள். இந்த டப்பாவில் படமும் இல்லை, பெயரும் இல்லை. எனக்கு அதுவே பெரிய உதவி.

ஜனவரி 9

முதலில் அடித்தளத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த வகைப் புகையிலையில் நறுக்கிய இலை, கரும்புக் கழிவுப்பாகு அல்லது வேறு சர்க்கரைப் பாகு, கிளிசரின், அப்புறம் வாசனைப் பொருள், இவ்வளவுதான். வெள்ளை வெளேரென்று அடர்த்தியாக எழும்புகிற புகைக்குக் காரணம் கிளிசரின். எகிப்தில் வாசனையே சேர்க்காமல் பாகு மட்டும் ஊறிய கறுப்பு வகையும் உண்டு, ஸக்லூல் என்பார்கள். பழ வாசனை போட்டவை பெருவாரியாகப் பரவியது 1990களில்தான். வயதானவர்கள் இன்னும் ஸக்லூலை விடவில்லை என்று நண்பர் சொன்னார். ஒப்பிட்டுப் பார்க்க அதில் ஒரு பிடி கேட்டிருக்கிறேன்.

ஆபீஸில் வாசனைக் கலவையைத் தனித்தனிச் சேர்மங்களாகப் பிரித்துக் காட்டும் கேஸ் குரோமட்டோகிராஃப் இருக்கிறது, ஆனால் புகையிலைச் சாற்றை அதில் ஏற்ற அனுமதி இல்லை. அனுமதி இருந்தாலும் இந்த விஷயத்தில் அது பாதி தூரம்தான் கூட வரும். சோம்பு வாசனைக்குக் காரணமான அனெத்தோல் இருக்கிறது என்று காட்டும். அது எந்தச் செடியிலிருந்து வந்தது என்பதை நாம்தான் யோசிக்க வேண்டும். நம் வீட்டுச் சோம்பிலும் அனெத்தோல்தான், பிரியாணிக்குப் போடும் அன்னாசிப்பூவிலும் அதுவேதான், எகிப்தில் டீ போல கொதிக்க வைத்துக் குடிக்கிற யான்சூன் விதையிலும் அதுவேதான்.

ஜனவரி 11

கொஞ்சம் புகையிலையைச் சுத்தமான ஆல்கஹாலில் ஊற வைத்து வடிகட்டினேன். தேன் நிறத்தில் தெளிவான சாறு. அதில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டதும் அடியிலிருந்து வெண்மை கிளம்பி, சற்று நேரத்தில் குவளை முழுக்கப் பால்போல் கலங்கிவிட்டது. லெபனானின் சோம்பு வாசனை கொண்ட அரக் மதுவில் தண்ணீர் ஊற்றினால் நடப்பதும் இதுதான். அனெத்தோல் ஆல்கஹாலில் கரையும், தண்ணீர் கூடினால் கரையாமல் நுண்துளிகளாகப் பிரிந்துவிடும். இவ்வளவு கலங்குகிறது என்றால் கலந்தவர் கை தாராளம்தான்.

நம் சோம்பு இல்லை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நம்முடையதில் ஃபென்கோன் என்று ஒன்று உண்டு. கற்பூரம் கலந்த லேசான கசப்பு அதனால் வருவது. இங்கே அந்தக் கசப்பு இல்லை, வழவழப்பான இனிப்பு மட்டும்தான். யான்சூன் என்று எழுதி வைத்துக்கொண்டேன்.

ஜனவரி 12

நேற்று சாயங்காலம் சாற்றைத் தாள் துண்டுகளில் தொட்டு வரிசையாக வைத்தேன். பக்கத்திலேயே ஸக்லூல் சாறு தொட்ட துண்டுகளும் இருந்தன. என் தொழிலில் பொறுமைக்குத்தான் சம்பளம். சட்டென்று ஆவியாகிற வாசனை முதலில் போய்விடும், கனமானவை பின்தங்கி நிற்கும். அந்தந்த நேரத்துக்குப் போய் முகர்ந்தால் ஒவ்வொன்றாகத் தனியே பிடிபடும்.

முதல் சில நிமிடங்களில் பச்சை ஆப்பிள். ஹெக்சைல் அசிடேட் மாதிரி ஏதோ எசன்ஸ், கடையில் கிடைப்பது. அது சீக்கிரமே மறைந்துவிட்டது. அடுத்து யான்சூனுக்குப் பின்னால் கிராம்பு, ரொம்ப அடக்கமாக. கூடவே கசப்பு பாதாம் வாசனை. அதுவும் ராத்திரிக்குள் அடங்கிவிட்டது.

விடிகாலையில் முகர்ந்தபோது ஒன்று பாக்கி இருந்தது. வெயிலில் காய்ந்த புல்லும் வெனிலாவும் சேர்ந்தது போன்ற வாசனை. ஸக்லூல் துண்டில் அது இல்லை, அதனால் இலையின் வாசனை கிடையாது. கூமரின் என்ற வாசனைச் சேர்மம் என்று மூக்கு சொல்கிறது. பட்டையிலிருந்து வந்திருக்கலாம் என்றால், பட்டைக்கே உரிய காரம் எங்குமே தட்டுப்படவில்லை.

பாதாம் எசன்ஸை மட்டும் ஊற்றியிருந்தால் இந்தப் புல் வாசனை வந்திருக்காது. இரண்டும் ஒரே பொருளில் இருக்க வேண்டும்.

ஜனவரி 13

துபாயின் தேரா பகுதியில் இருக்கும் மசாலா சந்தைக்குப் போனேன். ஒரு கடையில் நின்றவர் மலையாளி, தமிழும் நன்றாகப் பேசினார். "சேட்டா, பாதாம் மாதிரி வாசனை வரணும், ஆனா பாதாமா இருக்கக் கூடாது, அரபிக்காரங்க சமையல்ல போடுற சாமான். என்ன இருக்கு?" என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. மூலையில் இருந்த ஜாடியிலிருந்து ஒரு பிடி எடுத்து என் உள்ளங்கையில் கொட்டினார்.

மஹ்லப். ஒரு வகைக் காட்டுச் செர்ரியின் கொட்டைக்குள் இருக்கும் பருப்பு. வெளிர் பழுப்பு நிறம், கொத்தமல்லி விதையைவிடக் கொஞ்சம் பெரிது, ஒரு முனை கூராக இருக்கிறது. முழுசாக இருக்கையில் வாசனை தெரியவில்லை. ஒன்றைக் கடித்தேன். முதலில் கசப்பு, அதைத் தாண்டி பாதாம், மென்று முடித்தபின் மூக்கின் பின்பக்கம் அந்தக் காய்ந்த புல். கடை வாசலிலேயே நின்று இன்னொன்றையும் கடித்துப் பார்த்தேன். இதேதான்!

ஜனவரி 15

வேலை அதிகம். மஹ்லபைப் பொடித்துச் சூடான பாகில் ஊற வைத்ததோடு சரி.

ஜனவரி 19

நண்பரோடு ஷீஷா கடைக்குப் போய், காற்று வீசும் பக்கமாகப் பார்த்து வெளியில் உட்கார்ந்தேன். அவர் அந்தப் புகையிலையை இழுத்தார். சூட்டில் எது முந்துகிறது என்று தெரிய வேண்டியிருந்தது. தாளில் கண்ட அதே வரிசைதான், ஆனால் பாதாம் கிட்டத்தட்ட காணாமல் போய், கிராம்பு முன்னுக்கு வந்துவிட்டது.

இந்த வாசனையை இவ்வளவு ரசிக்கிற நான் இதையும் எழுதியாக வேண்டும். ஒரு மணி நேர ஹூக்காவில் சுமார் 200 இழுப்பு, ஒரு சிகரெட்டில் 20 என்கிறது அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி. உள்ளே போகும் புகை சுமார் 90,000 மில்லி லிட்டர், சிகரெட்டில் 500 முதல் 600. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வேறு. தண்ணீர் வழியாக வருவதால் நஞ்சு போய்விடும் என்று பக்கத்து மேசைப் பையன்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். போகாது. ஆப்பிளும் சோம்பும் மேலே பூசியிருப்பதால் தொண்டைக்கு அது உறைப்பதில்லை, அவ்வளவுதான். நண்பரிடமும் சொன்னேன். தலையை ஆட்டினார், குழாயைக் கீழே வைக்கவில்லை.

ஜனவரி 22

இன்று மதியம்தான் முடிச்சு அவிழ்ந்தது. யான்சூன், கிராம்பு, மஹ்லப் என்று என் பட்டியலை நண்பரிடம் படித்தேன். "இது எங்க வீட்டுப் பெருநாள் பிஸ்கட்!" என்று சத்தம் போட்டார். எகிப்தில் நோன்புப் பெருநாளுக்கு கஹ்க் என்ற பலகாரம் சுடுவார்கள். அதன் மாவில் சேர்க்கவென்றே ஒரு மசாலாப் பொடி உண்டு, சேர்மானம் வீட்டுக்கு வீடு மாறும். மஹ்லபும் கிராம்பும் அதில் முக்கியம், சோம்பு வகையும் போடுவார்கள்.

நான் தனித்தனியாகத் தேடிய மூன்றும் ஒரே பொட்டலத்திலிருந்து வந்தவை. சாற்றை வடிகட்டியபோது அடியில் இலைத் தூள் தவிர வேறு நறநறப்பு இல்லாததும் இப்போது புரிகிறது. பொடியைப் பாகில் ஊற வைத்துத் துணியில் வடித்திருக்கிறார்.

சாயங்காலம் காபிக்கடைக்காரருக்குப் போன் போட்டோம். ஸ்பீக்கரில் நிறைய சிரித்தார். பொடியை அவர் மனைவி இடிப்பாராம். பட்டையை மட்டும் விலக்கிவிடுவார்களாம், புகை தொண்டையைப் பிடிக்கும் என்று. யான்சூனைக் கூடுதலாகச் சேர்ப்பது அவர் கைவேலை. "இன்னும் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லமாட்டேன்" என்று போனை வைத்துவிட்டார்.

ஜனவரி 24

ஊற வைத்த என் பாகையும் அவருடைய புகையிலையையும் அடுத்தடுத்து முகர்ந்தேன். அவருடையதில் மெல்லிய பைன் மரப் பிசின் வாசனை கூடுதலாக இருக்கிறது. ரூமி மஸ்தகி என்று நினைக்கிறேன், நம் நாட்டு மருந்துக் கடையிலும் விற்பார்களே, அதே பிசின். கிரேக்கத்தின் கியோஸ் தீவிலிருந்து வருவது. எகிப்துக்காரர்கள் சமையலிலும் அதைச் சேர்ப்பார்கள், அதனால் அந்த அம்மாவின் அலமாரியில் கட்டாயம் இருக்கும். பாகில் நேராகக் கரையாது, சர்க்கரையோடு சேர்த்து இடித்துத்தான் போட்டிருப்பார். சனிக்கிழமை தேராவில் கொஞ்சம் வாங்கி, அதே மாதிரி இடித்துக் கலந்து நண்பரிடம் முகரக் கொடுக்கப் போகிறேன்.