சாலை வெட்டில் கிடைத்தவை

மார்ச் 3, ஞாயிறு

குன்றை வெட்டிச் சாலை போட்ட இடம். பாறையின் உட்புறம் அடுக்கடுக்காகத் தெரிகிறது: சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல், நடுவில் விரல் பட்டாலே உதிரும் களிப்பாறை, மறுபடி சுண்ணாம்புக்கல். கீழே சரிந்து கிடந்த குவியலில் நகம் அளவு சிப்பி ஒன்று கண்ணில் பட்டது. எடுத்த சந்தோஷத்தில், எந்த அடுக்கிலிருந்து விழுந்திருக்கும் என்று அண்ணாந்துகூடப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டேன்.

மார்ச் 5, செவ்வாய்

அது சிப்பி இல்லை. பழைய பல் பிரஷால் கழுவி, பத்து மடங்கு லென்ஸில் பார்த்தேன். ஓட்டின் நடுவே கோடு கிழித்தால் இடமும் வலமும் ஒன்றுபோல இருக்கின்றன. ஆனால் மேல் ஓடும் கீழ் ஓடும் வேறு வேறு. பெரிய ஓட்டின் அலகு மற்றதன் மேல் கவிந்து நிற்கிறது. பெரும்பாலான சிப்பிகளில் இது நேர்மாறு: இரண்டு ஓடுகளும் ஒன்றுக்கொன்று பிம்பமாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு ஓடும் ஒரு பக்கம் கோணியிருக்கும். ஆக, இது பிராக்கியோபாட்: சிப்பிபோல் இரட்டை ஓடு இருந்தாலும் வேறு இனத்தைச் சேர்ந்த கடல் விலங்கு. அலகில் ஊசி நுழையும் அளவு துளை ஒன்று இருக்கிறது. அதன் வழியே தண்டை நீட்டிக் கடலடியைப் பற்றிக்கொண்டு வாழ்ந்த உயிர். அந்தத் துளையைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 10, ஞாயிறு

இந்த முறை நோட்டு, அளவு நாடா, செய்தித்தாள் எல்லாம் கொண்டுபோனேன். அடியிலிருந்து அடுக்குகளுக்கு எண் கொடுத்துப் படம் வரைந்தேன், மொத்தம் பதினொன்று. செங்குத்தான முகத்தில் சுத்தி வைக்கவில்லை. ஒரு கல் பெயர்ந்தால் மேலே இருப்பதும் சேர்ந்து வரும்.

வெயில் சாய்ந்த பிறகுதான் பாறை பேச ஆரம்பித்தது. பக்கவாட்டு வெளிச்சத்தில் சின்ன மேடு பள்ளம்கூட நிழல் விழுந்து தெரிகிறது. அடுக்கு 3 முழுக்க நடுவில் ஓட்டையுள்ள சட்டைப் பொத்தான் மாதிரி வட்டுகள். கடல் அல்லியின் தண்டுத் துண்டுகள்! பெயர்தான் அல்லி, உண்மையில் நட்சத்திர மீனின் உறவுக்கார விலங்கு. உடைந்த ஒரு வட்டு கண்ணாடிபோல் மின்னியது. ஒவ்வொரு வட்டும் ஒரே கால்சைட் (சுண்ணாம்புக்கல்லின் கனிமம்) படிகம் என்பதால் உடையும் முகம் அப்படித் தட்டையாக இருக்கும். ஒரு சில்லில் வினிகர் விட்டேன், மெல்ல நுரைத்தது.

மார்ச் 13, புதன்

அடுக்கு 7-இல் கிடைத்த பெரணி இலை, தாவரமே இல்லை. விரிசலில் புகுந்த நீர் விட்டுப்போன மாங்கனீசு ஆக்சைடு. நடு நரம்பு கிடையாது, விரிசல் போன பக்கமெல்லாம் கறுப்புக் கிளை.

மார்ச் 17, ஞாயிறு

அடுக்கு 4-இல் கொம்பு வடிவப் பவளம். மேல்வாயில் சக்கரத்தின் ஆரங்கள்போலத் தடுப்புகள். இந்த ரூகோசா வகைப் பவளங்கள் சுமார் 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன், பெர்மியன் காலம் முடிவதற்குள் அடியோடு அழிந்துவிட்டன. அப்படியென்றால் இந்த அடுக்கு அதைவிடப் பழையது. ஒரே ஒரு பவளம் இதைச் சொல்லிவிடுகிறது.

1963-இல் தொல்லுயிர் ஆய்வாளர் ஜான் வெல்ஸ், டெவோனியன் காலப் (பெர்மியனுக்கும் முந்தையது, சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன்) பவளங்களின் மேல்தோலில் இருந்த நுண்கோடுகளை எண்ணினார். நாளுக்கு ஒரு கோடு என்று கொண்டால், ஓர் ஆண்டு வளர்ச்சிக்கு ஏறக்குறைய 400 கோடுகள் வந்தன. அன்று பூமி வேகமாகச் சுழன்றது. ஆண்டுக்கு நாட்கள் அதிகம், ஒவ்வொரு நாளும் குட்டை. கடல் ஏற்றவற்றத்தின் இழுப்பு அந்தச் சுழற்சியை மெல்ல மெல்லத் தளர்த்திவிட்டது. என் பவளத்தின் தோல் தேய்ந்துபோயிருக்கிறது, எண்ண முடியவில்லை. வேறொன்று தேட வேண்டும்.

மார்ச் 24, ஞாயிறு

எல்லாவற்றுக்கும் மூலையில் வெள்ளைப் பெயின்ட் பொட்டு வைத்து, காய்ந்ததும் கறுப்பு மையில் எண் எழுதினேன். முதல் நாள் எடுத்ததுதான் பாக்கி. அதன் வரிப்பள்ளத்தில் ஒட்டியிருந்த கல்லை லென்ஸில் பார்த்தால் பிரையோசோவாவின், அதாவது கூட்டமாக வாழும் நுண்ணிய கடல் விலங்குகளின், வலைப்பின்னல். அதே வலை அடுக்கு 6-இலும் இருக்கிறது, 9-இலும் இருக்கிறது. நிறமும் ஒன்றே. இரண்டுக்கும் இடையே மூன்று மீட்டர் பாறை, அதாவது எத்தனையோ காலம்.

சீட்டில் இப்படி எழுதினேன்: ‘பிராக்கியோபாட். சரிவுக் குவியலில் எடுத்தது. அடுக்கு 6 அல்லது 9.’