கணுக்கால் வலியும் கண்வலிக்கிழங்கும்

போன வருஷம் ஐப்பசியில் ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு இடது கணுக்கால் வலியில் விழித்தேன். படுக்கும்போது ஒன்றுமில்லை. லைட்டைப் போட்டுப் பார்த்தால் கணுக்கால் எலும்பே தெரியாத அளவுக்கு வீக்கம். தோல் சிவந்து பளபளவென்று இருந்தது, கை வைத்தால் சுட்டது. ஃபேன் காற்றில் போர்வை நுனி ஆடி மேலே பட்டதற்கே உயிர் போனது. பாத்ரூமுக்குத் தவழ்ந்துதான் போனேன்.

எனக்கு வயது 51. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நாளெல்லாம் டேபிள் பக்கத்தில் நிற்கிற வேலை. இதைச் சொன்னதுமே எல்லோருக்கும் விடை கிடைத்துவிட்டது. "நின்னு நின்னு வேலை பார்த்தா தேய்மானம்தானுங்களே" என்றார் தெருமுனை கிளினிக் டாக்டர். ஒரு ஊசி, ஐந்து நாளைக்கு வலி மாத்திரை. எதிர்வீட்டு அம்மா நல்லெண்ணெயைச் சூடுபண்ணிக் கொண்டுவந்து நீவிவிடப் பார்த்தார். தொடவிட்டால்தானே!

ஆறாம் நாள் வலி வந்த சுவடே இல்லை. தேய்மானம் என்றால் ஆறு நாளில் எப்படிப் போகும் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். வலி போன சந்தோஷத்தில் யார் யோசிக்கிறார்கள்?

வீட்டில் விடவில்லை. ஒரு எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனாள். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. ரத்தப் பரிசோதனைக்கு ஒரு நீள லிஸ்ட் எழுதினார். யூரிக் ஆசிட்டை மட்டும் முதல் வாரத்தில், வீக்கம் இருந்தபோதே, கிளினிக்கில் எடுத்திருந்தோம்: 6.1. லேப் தாளில் ஆண்களுக்கு 7.2 வரை நார்மல் என்று போட்டிருந்ததால், "கவுட் இல்லை" என்று அந்தப் பக்கத்தை மூடிவிட்டார். ரத்தத்தில் யூரிக் ஆசிட் கூடி, மூட்டில் படிகமாகத் தங்கி வலிக்கிறதுதான் கவுட். புது ரிப்போர்ட்டில், முடக்குவாதத்துக்காகப் பார்க்கிற ஆர்.ஏ. ஃபேக்டர் 24 என்று வந்து, பக்கத்தில் தடித்த எழுத்தில் 'பாசிட்டிவ்' என்றும் இருந்தது. அவ்வளவுதான், எனக்கு முடக்குவாதம் என்று முடிவாகிவிட்டது.

அந்தச் சொல் எங்கள் வீட்டில் சும்மா போகாது. என் பெரியம்மாவுக்கு அது இருந்தது. கடைசிப் பத்து வருஷம் விரல்கள் கோணி, சோற்றைப் பிசையக்கூட முடியாமல் இருந்ததை எல்லோரும் பார்த்திருக்கிறோம். எலும்பு டாக்டர் முடக்குவாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை எழுதிக்கொடுத்தார், வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். மருந்துக்கடைத் தம்பி அட்டையைக் கையில் கொடுத்துவிட்டு, "அண்ணா, தினமும் போட்டுராதீங்க, வாரம் ஒருக்காதான்" என்று இரண்டு தடவை சொன்னான். அவன் சொன்ன விதத்திலேயே பயம் வந்து, அட்டையை அலமாரியில் வைத்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று இரண்டு மாதம் ஓடிவிட்டது.

மார்கழியில் வலது முழங்கால் வீங்கியது. அதே ராத்திரி நேரம், அதே சிவப்பு, அதே சூடு. இந்த முறை கம்பெனியில் கூட வேலை பார்ப்பவர் ஒரு வார்த்தை சொன்னார்: "எலும்பு டாக்டர் இல்லீங்க மாஸ்டர், ருமட்டாலஜின்னு தனியா இருக்குது. கோயமுத்தூர் போங்க." மூட்டுவாதத்துக்கென்று தனிப் படிப்பு படித்த டாக்டர் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் அதற்குத் தனித் துறையே இருக்கிறதாம்.

கோவை டாக்டர் ஃபைலைப் பிரிக்கவே இல்லை. முதலில் என் இரண்டு கைகளையும் வாங்கி, விரல் கணுக்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். எங்கேயும் வலிக்கவில்லை. காலையில் எழுந்ததும் கை இறுகிப்போய் நேரமாகுமா என்று கேட்டார். இல்லை. வலி வந்தது எத்தனை மணிக்கு, உச்சத்துக்குப் போக எத்தனை மணி நேரம், தானாகவே போனதா? இதையெல்லாம் அதுவரை யாருமே கேட்டதில்லை. முடக்குவாதம் என்றால் பெரும்பாலும் இரண்டு பக்கமும், சின்ன மூட்டுகளில், மாசக்கணக்கில் இருக்கும். ஒரே மூட்டில் ராத்திரியில் வெடித்து ஒரு வாரத்தில் அடங்குவது அதன் குணமில்லை என்றார். ஆர்.ஏ. ஃபேக்டர் நோயே இல்லாதவர்களிடமும் கொஞ்சம் இருக்கும், வயதானால் இன்னும் கூடும். சந்தேகத்தைத் தீர்க்க, முடக்குவாதத்தை இன்னும் உறுதியாகக் காட்டும் ஆன்டி சி.சி.பி. என்ற ரத்தப் பரிசோதனையை எடுக்கச் சொன்னார். பின்னால் அது நெகட்டிவ் என்று வந்தது.

அப்புறம், "என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க? சீட்டு வேண்டாம், அட்டையைக் காட்டுங்க" என்றார். வீட்டில் பையிலிருந்து பிரஷர் மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள். இரண்டு வருஷமாகச் சாப்பிடுகிற மாத்திரைதான். போன சித்திரையில் பிரஷர் சரியாகக் குறையவில்லை என்று மாற்றிக் கொடுத்திருந்தார்கள். பெயர் அதேதான், கடைசியில் ஒரு 'எச்' மட்டும் புதிது. டாக்டர் அந்த எழுத்தின் மேல் பேனாவை வைத்தார். ஹைட்ரோகுளோரோதயசைடு. உடம்பில் தேங்கும் உப்பையும் நீரையும் வெளியேற்றும் மருந்து. அதே சமயம் யூரிக் ஆசிட்டைச் சிறுநீரில் போகவிடாமல் ரத்தத்தில் நிறுத்தியும் வைக்கும். அது சேர்ந்து ஆறு மாதத்தில் முதல் வலி.

"இருந்தாலும் ஊகத்துல மருந்து தரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு முழங்காலிலிருந்து நீர் எடுத்தார். மரத்துப்போக ஒரு ஊசி, அப்புறம் கொஞ்சம் பெரிய ஊசி. உறிஞ்சின நீர் சிரிஞ்சில் கலங்கிய மஞ்சளாக, மோர் கலந்த மாதிரி இருந்தது. கிட்டத்தட்ட 30 மில்லி. அது வெளியே வந்ததுமே பாதி வலி குறைந்தது. கொஞ்சம் கிருமி சோதனைக்குப் போனது. மூட்டுக்குள் சீழ் பிடித்திருந்தால் ஒரு நாள் தாமதம்கூட ஆபத்தாம். மீதி மைக்ராஸ்கோப்புக்கு. சாயந்தரம் தன் போனில் படம் காட்டினார்: ரோஸ் நிறப் பின்னணியில் ஊசி ஊசியாக, சிலது மஞ்சள், சிலது நீலம். ஒளியைத் துருவப்படுத்தும் மைக்ராஸ்கோப்பில் ஊசி படுத்திருக்கும் திசையைப் பொறுத்து நிறம் மாறுமாம். யூரேட் படிகங்கள், அதாவது யூரிக் ஆசிட் உறைந்த படிகங்கள்.

கவுட். அப்படியானால் அந்த 6.1? வலி உச்சத்தில் இருக்கும்போது யூரிக் ஆசிட் ரத்தத்தில் குறைந்து நார்மலாகக் காட்டுவது உண்டு, வலி அடங்கி இரண்டு வாரத்துக்கு மேல் ஆனபின்தான் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். தையில் எடுத்தோம். 8.9.

உடனடி வலிக்கு கோல்சிசின் 0.5 மில்லிகிராம் மாத்திரை கொடுத்தார். வலி தொடங்கிய முதல் நாளே போட்டால்தான் நன்றாகக் கேட்கும், பேதி ஆனால் நிறுத்திவிட்டுச் சொல்ல வேண்டும். இது எதிலிருந்து வருகிறது என்று அவர் சொன்னபோது நானும் வீட்டிலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். செங்காந்தள் விதை. எங்கள் பக்கம் கண்வலிக்கிழங்கு என்போம். மூலனூரில் என் மச்சினன் அதைத்தான் போட்டிருக்கிறான். விடியற்காலையில் பூப்பூவாக மகரந்தம் தொட்டுவைக்கிற வேலைக்கு நானே ஒரு வருஷம் போயிருக்கிறேன். விதையை வியாபாரி வாங்கிப்போவார், 'மருந்துக்கு' என்பார், அதற்கு மேல் நாங்கள் கேட்டதில்லை. "அப்ப நம்ம தோட்டத்துலயே..." என்று ஆரம்பித்தேன். டாக்டர் நிறுத்திவிட்டார். அது விஷச்செடி, கிழங்கையோ விதையையோ வாயில் வைத்தால் ஆளையே கொல்லும், அளந்து செய்த மாத்திரையைத்தான் சாப்பிடணும்.

பிரஷர் டாக்டரிடம் கடிதம் கொடுத்து மாத்திரையை லோசார்டனுக்கு மாற்றினார்கள். அது யூரிக் ஆசிட்டைக் கொஞ்சம் வெளியேற்றவும் செய்யுமாம். சாப்பாட்டு விஷயத்தில் சொந்தக்காரர்கள் சொன்ன பட்டியல் பெரிது: பருப்பு வேண்டாம், தக்காளி வேண்டாம், கீரை வேண்டாம். டாக்டர் பருப்பையும் கீரையையும் விட்டுவிட்டு மூன்றைத்தான் கேட்டார்: பீர், குடல் ஈரல், சர்க்கரை போட்ட கூல்ட்ரிங்க்ஸ். ஞாயிற்றுக்கிழமைக் குடல் கறியைச் சொல்லும்போது என் பக்கம் திரும்பாமலே வீட்டில் ஒரு சிரிப்பு. பீரை நானே ஒத்துக்கொண்டேன்.

வலி அடங்கினபின், யூரிக் ஆசிட்டைக் குறைக்கிற அலோபியூரினாலை 100 மில்லிகிராமில் ஆரம்பித்து மெதுவாக ஏற்றினார். தோலில் தடிப்பு வந்தால் அந்த நிமிஷமே நிறுத்த வேண்டும் என்று சீட்டில் சிவப்பில் எழுதிக்கொடுத்தார். ஆரம்ப மாதங்களில் பழைய படிகங்கள் கரையும்போது வலி எட்டிப்பார்க்கும் என்றும் முன்பே சொல்லியிருந்தார். மாசியில் கால் கட்டைவிரலில் வந்தது. பயப்படவில்லை, கோல்சிசின் போட்டேன், இரண்டு நாளில் போனது. யூரிக் ஆசிட்டை 6-க்குக் கீழே வைக்க வேண்டும் என்பது கணக்கு. சித்திரையில் பார்த்தபோது 5.6.

அலமாரியில் இருந்த மெத்தோட்ரெக்சேட் அட்டையை மருந்துக்கடைத் தம்பியிடம் கொடுத்துக் கழித்துவிடச் சொன்னேன். போன வாரம் மச்சினன் வந்திருந்தான். கோல்சிசின் அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து ஒரு மாத்திரையை உற்றுப் பார்த்தான். "ஏனுங்க மச்சான், இத்துனூண்டுக்குத்தானா நாங்க விடியக்காலம் எந்திரிச்சு பூவைத் தொட்டுட்டு நிக்கறோம்?" என்றான்.