கார்னூஸ்டி ஓடையும் என் ஸ்கோர் கார்டும்

ஸ்காட்லாந்தில் கோல்ஃப் ஆடினேன் என்றால் எல்லோரும் "செயின்ட் ஆண்ட்ரூஸா?" என்றுதான் கேட்பார்கள். அதற்குக் கொஞ்சம் வடக்கே, டண்டியைத் தாண்டிக் கடலோரமாக ரயிலில் போனால் வருவது கார்னூஸ்டி. பிரிட்டிஷ் ஓபன் நடக்கும் மைதானங்களிலேயே ரொம்பக் கஷ்டமானது இதுதான் என்று ஆடியவர்களே நிறையப் பேர் சொல்லியிருக்கிறார்கள், 'கார்நாஸ்டி' என்று பட்டப்பெயரே உண்டு. 1999 ஓபனில் 19 வயது ஸ்பெயின் வீரர் செர்ஜியோ கார்சியா முதல் நாள் 89 அடித்துவிட்டு (கோல்ஃபில் எவ்வளவு குறைந்த அடியோ அவ்வளவு நல்லது) அம்மா தோளில் சாய்ந்து அழுதது இங்கேதான். அவருக்கே அந்தக் கதி என்றால், கிண்டி ரேஸ் கோர்ஸ் நடுவில் தட்டையான தரையில் ஆட்டம் பழகிய எனக்கு அங்கே என்ன வேலை? டண்டியில் இருக்கும் கல்லூரி நண்பன் டீ டைம், அதாவது ஆட்டம் தொடங்க நேரம், போட்டுவிட்டான், கிளம்பிவிட்டேன். பொது மைதானம்தான், வெளியூர்க்காரர்களும் பணம் கட்டி ஆடலாம். அந்தப் பணம் எவ்வளவு என்று வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

முதல் குழியில் பார், அதாவது அந்தக் குழிக்கு இத்தனை அடி என்று வைத்திருக்கும் கணக்கிலேயே முடித்தேன். அதுவும் பந்து ஒரு மேட்டில் பட்டுத் தானாகவே கிரீனுக்குள் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) உருண்டுபோனதால் வந்த பார், ஆனால் கார்டில் அதெல்லாம் தெரியாது. தரை அவ்வளவு கெட்டி. நம்மூரில் பந்து விழுந்த இடத்திலேயே நின்றுவிடும், இங்கே விழுந்த பிறகுதான் பயணமே ஆரம்பிக்கிறது.

காற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கடலோர மைதானங்கள் பலவற்றில் ஒன்பது குழி ஒரே பக்கமாகப் போய், ஒன்பது திரும்பி வரும். போகும்போது காற்று எதிரே என்றால் வரும்போது முதுகில், மனசைத் தயார் செய்துகொள்ளலாம். கார்னூஸ்டியில் தொடர்ந்து இரண்டு குழிகளுக்கு மேல் ஒரே திசையில் போவதில்லை. இப்போதுதான் வலமிருந்து வரும் காற்றுக்கு ஒருவழியாகப் பழகினோம் என்று நினைப்பதற்குள் அது இடப்பக்கம் வந்துவிடுகிறது. அன்றைக்கு என் ஆட்டம் ஏறி இறங்கியதில் பாதிக்கு மேல் இதுதான் காரணம் என்பது என் கட்சி, மீதிக்கு நான் பொறுப்பு.

ஆறாவது குழிக்குப் பெயர் ஹோகன்ஸ் ஆலி. 1953இல் அமெரிக்க வீரர் பென் ஹோகன் முதன்முதலாக ஓபன் ஆட வந்து, ஜெயித்து, அப்புறம் திரும்பி வரவே இல்லை. ஃபேர்வே (வெட்டிய புல்பாதை) நடுவில் பங்கர்கள் (மணல் பள்ளங்கள்), இடது பக்கம் வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் பந்து போனால் அபராதம். ஹோகன் அந்தக் குறுகலான இடைவெளியில்தான் அடித்தார் என்று சொல்வார்கள். நண்பன் அதே இடத்தைப் பார்த்து அடித்து வேலிக்கு வெளியே அனுப்பினான். நான் புத்திசாலியாக வலது பக்கம் போனேன், போய் பங்கரில் விழுந்தேன். இந்த ஊர் பங்கரை டிவியில் பார்த்தால் புரியாது. புல்கட்டிகளைச் செங்கல் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சுவர், கிட்டத்தட்ட என் மார்பு உயரம், அதன் அடியில் ஒட்டிக்கொண்டு பந்து. கொடி இருக்கும் பக்கம் அடிக்கவே முடியாது. வந்த வழியே பின்னால் அடித்து வெளியே வந்தேன். மட்டையை வீசும்போது ஈரமணல் கன்னத்தில் அறைந்தது. குழி முடியும்போது எட்டு.

"மாப்ள, ஹோகன் நாலு சுற்றும் இதைத்தான் ஆடினாரு" என்றான் நண்பன். அவன் எடுத்தது ஒன்பது என்பதால் நான் பதில் சொல்லவில்லை.

எட்டாவது குழி, பார் 3. ஆறு அயர்ன் மட்டையில் அடித்த பந்து குழிக்கு நாலைந்து அடியில் போய் நின்றது, பட் (கிரீனில் உருட்டிவிடும் அடி) உள்ளே. பேர்டி, பாரைவிட ஒன்று குறைவு! அடுத்த குழி முழுக்க நான் நிலத்தில் நடக்கவில்லை. பத்தாவதுக்கு 'சவுத் அமெரிக்கா' என்று பெயர், அதற்கு ஒரு கதை சொல்கிறார்கள்: தென் அமெரிக்காவுக்குப் போகிறேன் என்று ஊரெல்லாம் விடைபெற்றுக் குடித்துவிட்டுக் கிளம்பிய ஒருவன் மறுநாள் காலையில் இங்கே தூங்கிக்கொண்டிருந்தானாம். நானும் அங்கேயேதான் கீழே இறங்கினேன், ஓடையில் ஒரு பந்து, புதரில் ஒன்று. பதினொன்று, பன்னிரண்டு பற்றி எழுத ஒன்றுமில்லை.

பதினாறு வேறு விஷயம். பார் 3 என்று எழுதியிருக்கிறதே தவிர, ஓபனில் 240 யார்டுக்கு மேல் வைக்கிறார்கள். 1975இல் டாம் வாட்சன் இங்கே சாம்பியன் ஆனார், சமநிலையை முறிக்க ஆடும் பிளேஆஃபையும் சேர்த்து ஐந்து சுற்று ஆடினார், ஐந்திலும் இந்தக் குழியில் பார் எடுக்கவில்லை. நாங்கள் முதல் அடி அடிக்கும் இடம் (டீ) கொஞ்சம் முன்னால் என்றாலும் எதிர்காற்று. ரொம்பத் தூரம் அடிக்கும் டிரைவர் மட்டையை எடுத்தேன், பார் 3இல் டிரைவர்! கிரீனுக்கு முன்னால் நின்றது, அங்கிருந்து தள்ளிவிட்டு நாலில் முடித்தேன். வாட்சனின் ஸ்கோர்தான் என்று சொல்லிக்கொண்டு அடுத்ததற்கு நடந்தேன்.

கடைசிக் குழி. பேரி பர்ன் என்கிற ஓடை பதினேழிலும் பதினெட்டிலும் பாம்பாக வளைந்து வளைந்து குறுக்கே வருகிறது, கரை இரண்டும் கல்சுவர். 1999இல் பிரெஞ்சுக்காரர் ழான் வான் டி வெல்ட் இங்கே மூன்று அடி முன்னிலையில் வந்து நின்றார். ஆறு எடுத்தால்கூடக் கோப்பை அவருக்கு. டிரைவர் எடுத்தார், பந்து வலது பக்கம் போனது. இரண்டாவது அடி பார்வையாளர் மேடையின் கம்பியில் பட்டு, ஓடையின் கல்சுவரில் மோதி, திரும்பிப் பெரிய புல்லுக்குள் விழுந்தது. அடுத்தது ஓடையில். ஷூவைக் கழற்றிவிட்டு அவர் தண்ணீரில் இறங்கி நின்ற படத்தைப் பார்க்காத கோல்ஃப் ரசிகன் கிடையாது. ஏழு எடுத்து, பிளேஆஃபில் பால் லாரியிடம் தோற்றார்.

பத்திரமாக முன்னால் தட்டியிருக்கலாமே என்று இன்றைக்கும் கேலி செய்கிறார்கள், முன்பு நானும் அந்தக் கும்பலில்தான் இருந்தேன். அங்கே போய் நின்றால் அப்படிப் பேச வராது. அந்தப் பந்து மேடைக்குள்ளேயே தங்கியிருந்தால் அபராதமில்லாமல் எடுத்து வைத்திருப்பார், கோப்பையும் வந்திருக்கும். ஒரு கம்பியால் போனது. 2007இல் பட்ரெய்க் ஹாரிங்டன் இதே குழியில் இரண்டு முறை ஓடையில் போட்டார், ஆறு எடுத்தார், பிளேஆஃபில் ஜெயித்தார், அவரை யாரும் முட்டாள் என்று சொல்வதில்லை.

இதையெல்லாம் நண்பனிடம் சொல்லிவிட்டு நான் பத்திரமாகவே ஆடினேன். டிரைவரைப் பைக்குள் வைத்துவிட்டு இரும்பு மட்டையில் அடித்தேன், ரஃபுக்குள் (நீளப் புல்) போனது. அங்கிருந்து ஃபேர்வேக்குத் தட்டினேன். அடுத்த அடியை ஓடைக்கு முன்னால் அழகாக நிறுத்தினேன். வெட்ஜ் மட்டையில் ஓடையைத் தாண்டிக் கிரீனின் இடது ஓரத்தில் ஏறினேன். அப்புறம் மூன்று பட். ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல், ஏழு.