மாடித்தோட்ட வலைப்பூவில் கொஞ்சம் காசு பார்ப்பது எப்படி

தமிழ் வலைப்பூவில் விளம்பரம் போட்டால் எவ்வளவு வரும் என்று கேட்பவர்கள் முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வங்கிக்கு வரும். ஆயிரம் பக்கப் பார்வைக்கு 40 சென்ட் கிடைப்பதாக வைத்துக்கொண்டால், 100 டாலருக்கு இரண்டரை லட்சம் பார்வை தேவை. தினமும் 300 பார்வை பெறும் ஒரு மாடித்தோட்ட வலைப்பூ அதை எட்ட இரண்டே கால் வருடம் ஆகும். ஆயிரத்துக்கு ஒரு டாலர் கிடைத்தால் பதினோரு மாதம். இந்த எண்களில் உங்கள் எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள். டொமைன் (சொந்த இணைய முகவரி) செலவும் இணையக் கட்டணமும் விதை வாங்கும் காசும் இதிலிருந்தே வந்தால் அது நல்ல வெற்றி. அந்த அளவு கைக்கு எட்டக்கூடியதுதான்.

ஆட்சென்ஸ் தமிழை ஏற்றுக்கொண்டது 2018 பிப்ரவரியில். தமிழ்ப் பக்கங்களுக்கு ஏலம் கேட்கும் விளம்பரதாரர்கள் ஆங்கிலத்தைவிடக் குறைவு, அதனால் விலையும் குறைவு. அதே பதிவை டொராண்டோவிலோ சிங்கப்பூரிலோ இருந்து ஒருவர் படித்தால் பெரும்பாலும் கூடுதலாகக் கிடைக்கும். 2024 தொடக்கத்திலிருந்து கிளிக்குக்குப் பதில் விளம்பரம் காட்டப்படுவதற்கே பணம் என்று முறை மாறியிருக்கிறது. ஆகவே முழுதாகப் படிக்கப்படும் நீளமான பதிவுக்கு மதிப்பு கூடியிருக்கிறது.

எந்தப் பதிவு சம்பாதிக்கும் என்பதில் பலர் ஏமாந்து போகிறார்கள். "இன்று என் மாடியில் பூத்த ரோஜா" என்ற பதிவை நண்பர்கள் இரண்டு நாள் படிப்பார்கள், அத்தோடு சரி. "வெண்டை இலை ஏன் மஞ்சளாகிறது" என்ற பதிவை ஒவ்வொரு விதைப்புப் பட்டத்திலும் யாராவது தேடி வருவார்கள். அதிலும் விடை துல்லியமாக இருக்க வேண்டும்: நரம்பு மட்டும் மஞ்சளாகி இலை வலை போலத் தெரிந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் நரம்புத் தேமல், செடியைப் பிடுங்கிவிட வேண்டும். அடி இலைகள் முழுதாக வெளுத்து மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு, உரம் கொடுத்தால் தேறும். இந்த இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் சொந்தப் படத்தோடு காட்டும் பதிவு பல வருடம் பேசும்.

தேடுபவர்கள் என்ன சொல்லைத் தட்டுகிறார்கள் என்று ஊகிக்கத் தேவையில்லை. கூகுள் சர்ச் கன்சோலில் வலைப்பூவை இணைத்தால் அதுவே பட்டியல் தரும். அதில் சராசரி இடம் 8லிருந்து 20க்குள் இருக்கும் சொற்களை மட்டும் எடுங்கள். உங்கள் பக்கம் தேடலில் வருகிறது, ஆனால் கண்ணில் படவில்லை என்று அர்த்தம். அந்தக் கேள்விக்கு நேர் விடையாக ஒரு பத்தியையும் ஒரு துணைத்தலைப்பையும் பழைய பதிவிலேயே சேர்த்தால் போதும். புதுப் பதிவு எழுதுவதைவிட இதில் பலன் சீக்கிரம் தெரியும். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டித் தேடுபவர்களும் நிறைய. அவர்களுக்காகப் பதிவைக் கெடுக்க வேண்டாம், படத்தின் பெயரிலும் இணைப்பு முகவரியிலும் அந்த எழுத்துக்கூட்டலை வைத்தால் போதும்.

இணைப்பு முகவரி தமிழுக்கே உரிய தலைவலி. கூகுளின் வலைப்பூத் தளமான பிளாகரில் தலைப்பு முழுக்கத் தமிழில் இருந்தால் முகவரியில் வெறும் பிளாக்-போஸ்ட் என்ற சொல்லும் ஒரு எண்ணும்தான் நிற்கும். பதிவை வெளியிடும் முன்பே வலப்பக்கம் உள்ள பெர்மாலிங்க் பகுதியைத் திறந்து, கஸ்டம் என்பதைத் தேர்ந்து, ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு சொல் கொடுங்கள். வெளியிட்ட பிறகு மாற்ற வேண்டுமென்றால் திரும்ப வரைவுக்குக் கொண்டுபோக வேண்டும், அதற்குள் பகிர்ந்த இணைப்புகள் செத்துவிடும். வேர்ட்பிரஸ் என்ற இன்னொரு வலைப்பூத் தளம் தமிழை அப்படியே ஏற்கும், ஆனால் உள்ளே ஒவ்வொரு யூனிகோட் குறியும் 9 எழுத்தாக விரியும். "வெண்டை" என்ற சொல்லில் கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணினால் ஆறு குறிகள், ஆக 54 எழுத்து. அங்கே வரம்பு 200 என்பதால் நீளத் தலைப்பு பாதியில் வெட்டுப்படும்.

சொந்த டொமைன் வாங்குவதாக இருந்தால் ஆட்சென்ஸுக்கு விண்ணப்பிக்கும் முன்பே வாங்கிவிடுங்கள். பிளாகர் தரும் பிளாக்ஸ்பாட் முகவரிக்கு அனுமதி வாங்கிவிட்டுப் பிறகு டொமைன் மாற்றினால் புது முகவரியைச் சேர்த்து மறுபடி பரிசீலனைக்குக் காத்திருக்க வேண்டும். வாங்கும்போது முதல் வருட விலையைப் பார்க்காமல் புதுப்பிக்கும் விலையைப் பாருங்கள், ஏறுவது அங்கேதான். பிளாகரோடு இணைக்க டொமைன் விற்ற தளத்தில் இரண்டு சி-நேம் பதிவுகள் (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குத் திருப்பும் வரிகள்) போட வேண்டும். ஒன்று எல்லோருக்கும் பொது, மற்றது உங்கள் வலைப்பூவுக்கென்று பிளாகர் காட்டுவது. டபிள்யூடபிள்யூடபிள்யூ என்ற முன்னொட்டு இல்லாத முகவரியும் வேலை செய்ய, பெயரை எண் முகவரிக்குத் திருப்பும் நான்கு ஏ-பதிவுகள்: 216.239.32.21, 216.239.34.21, 216.239.36.21, 216.239.38.21. இந்த நான்கை விட்டுவிட்டுத்தான் "சிலருக்குத் திறக்கிறது, சிலருக்குத் திறக்கவில்லை" என்று பலர் புலம்புகிறார்கள். பிறகு பிளாகர் செட்டிங்ஸில் பாதுகாப்பான இணைப்புக்கான எச்டிடிபிஎஸ் சுவிட்ச் இரண்டையும் போட்டுவிடுங்கள்.

விண்ணப்பம் தள்ளுபடியாக முக்கியக் காரணம் தரம் குறைந்த உள்ளடக்கம். எங்கிருந்தோ எடுத்த படம், நாளிதழ்ச் செய்தியின் நகல், பாடல் வரிகள், பிடிஎஃப் இறக்க இணைப்புகள் இருந்தால் அவற்றை நீக்கிவிட்டு விண்ணப்பியுங்கள். வலைப்பூ பற்றிய பக்கம், தொடர்பு, தனியுரிமைக் கொள்கை மூன்றும் மெனுவில் தெரிய வேண்டும். அனுமதி வந்ததும் உங்கள் தளத்தில் விளம்பரம் விற்க யாருக்கு அனுமதி என்று சொல்லும் ஆட்ஸ்.டிஎக்ஸ்டி வரியை பிளாகர் செட்டிங்ஸில் ஒட்ட மறக்காதீர்கள்.

விளம்பரங்களைத் தானியங்கியிடம் முழுதாக விட்டால் மொபைலில் இரண்டு பத்திக்கு ஒன்று முளைக்கும், படிப்பவர் ஓடிவிடுவார். அளவைக் குறைத்து, பதிவின் நடுவில் ஒன்றும் முடிவில் ஒன்றுமாக நிறுத்துவது போதும். உறவினர்களிடம் "கொஞ்சம் கிளிக் பண்ணுங்க" என்று கேட்கவே கூடாது. வாட்ஸாப் குழுவில் அப்படி ஒரு வரி போட்டால், ஒரே ஊரிலிருந்து ஒரே நாளில் வரும் கிளிக்குகளைக் கூகுள் எளிதாகக் கண்டுகொள்ளும். கணக்கு முடங்கினால் மேல்முறையீட்டில் திரும்பக் கிடைப்பது அரிது.

தமிழர்களுக்குப் பணம் அதிகம் தடைபட்டு நிற்பது பெயரால். நம் பெயரில் இனிஷியல் இருக்கிறது, பான் அட்டை அதை விரித்துத் தந்தை பெயராக எழுதுகிறது, வங்கிப் புத்தகத்தில் இனிஷியல் முன்னால் நிற்கிறது, ஆதாரில் பின்னால். ஆட்சென்ஸில் பெயர் கொடுக்கும்போது இவற்றில் எதை எழுதுவது என்று முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். பான் அட்டையில் உள்ளபடி எழுதி, வங்கிக் கணக்கிலும் அதே போல மாற்றிக்கொள்வது நல்லது. அடையாளச் சரிபார்ப்பில் ஒரு எழுத்து மாறினாலும் நிற்கும்.

அடுத்தது முகவரி. 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க ஆறு இலக்க ரகசிய எண் (பின்) தாங்கிய தபால் கிளம்பும். சாதாரணத் தபால், எங்கே இருக்கிறது என்று பார்க்க எண் கிடையாது. பொதுவாக இரண்டிலிருந்து நான்கு வாரம். கதவு எண், தெரு, அஞ்சல் நிலையம், அஞ்சல் குறியீடு எல்லாம் உங்கள் தபால்காரர் படித்தால் புரியும்படி இருக்கட்டும். வாடகை வீடு மாறுவதாக இருந்தால் 10 டாலர் தொடும் முன் முகவரியை மாற்றுங்கள். வராவிட்டால் மூன்று வாரம் கழித்து மறுபடி கேட்கலாம். நான்கு மாதத்துக்குள் எண்ணைப் பதியாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். மூன்று முறை தப்பாக அடித்தாலும் அதே கதி.

வங்கி விவரத்தில் ஸ்விஃப்ட் குறியீடு, அதாவது வெளிநாட்டுப் பணம் வர வங்கியை அடையாளம் காட்டும் குறியீடு, கேட்பார்கள். எல்லாக் கிளைக்கும் அது இருக்காது. உங்கள் வங்கியின் அந்நியச் செலாவணிக் கிளையின் குறியீட்டைக் கிளையில் கேட்டு வாங்கிப் போடுங்கள், கணக்கு எண் உங்களுடையதே. பணம் மாதத்தின் 21க்கும் 26க்கும் இடையில் கிளம்பும். பணம் எதற்கு வந்தது என்று சொல்லும் நோக்கக் குறியீட்டை வங்கி கேட்டால் விளம்பரச் சேவைக்கான பி1007. வங்கி டாலரை ரூபாயாக்கினால் அந்த மாற்றத்துக்குக் குறைந்தது 45 ரூபாய் ஜிஎஸ்டி பிடிக்கும், வங்கியின் கட்டணம் தனி. தடவைக்குத் தடவை இது போவதால், ஆட்சென்ஸில் பணம் அனுப்பும் வரம்பை நீங்களே 200, 300 டாலருக்கு உயர்த்திக்கொள்ளலாம்.

அமேசான் இணைப்பு வழியாகக் கமிஷன் பெறுவது இரண்டாவது வழி. வளர்ப்புப் பை, கைத்தெளிப்பான் போன்றவற்றைப் பதிவில் தேவைப்படும் இடத்தில் மட்டும் இணையுங்கள். வாசகர் கிளிக் செய்த 24 மணி நேரத்துக்குள் வாங்குவதற்குத்தான் பொதுவாகக் கமிஷன். உங்கள் இணைப்பில் நீங்களே வாங்கக் கூடாது. பொருளின் விலையை எண்ணாக எழுதுவதும், அங்குள்ள படத்தை இறக்கி ஒட்டுவதும் விதிமீறல்.

தமிழ் வலைப்பூவுக்கு உண்மையில் பொருந்தும் வழி மின்னூல். அமேசானின் மின்னூல் சேவையான கிண்டில் பதிப்புச் சேவை 2016 டிசம்பரிலிருந்து தமிழை ஏற்கிறது. பன்னிரண்டு பதிவுகள் கொண்ட ஒரு தொடர், எடுத்துக்காட்டாக ஆடிப்பட்டத்தில் மண்கலவை தொடங்கி அறுவடை வரை, நல்ல சிறு நூலாகும். வலைப்பூவிலிருந்து நேராக ஒட்டினால் எழுத்துரு, நிறம் எல்லாம் கூடவே வந்து கிண்டிலில் கோணலாகத் தெரியும். வெற்று உரையாக ஒட்டி, இயல் தலைப்புகளுக்கு ஹெடிங் ஸ்டைல் கொடுங்கள், உள்ளடக்கப் பட்டியல் தானே அமையும். பழைய பாமினி எழுத்துருவில் தட்டியவற்றை யூனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும். அட்டைப் படம் 1600 பிக்சல் அகலம், 2560 பிக்சல் உயரம்.

ராயல்டி 35 சதவீதம் அல்லது 70. இந்தியாவில் 70 வேண்டுமென்றால் கிண்டில் செலக்ட் என்ற திட்டத்தில் சேர வேண்டும். அதில் சேர்ந்தால் 90 நாள் அந்த உரை வேறெங்கும் மின்வடிவில் இருக்கக் கூடாது, உங்கள் வலைப்பூவிலும்கூட. பத்து சதவீதம் மாதிரியாக விடலாம். தேடலில் நன்றாக வரும் பதிவுகளை இதற்காக வரைவுக்கு அனுப்புவது நஷ்டம். எனவே விடை தேடி வரும் பதிவுகளை வெளியே விட்டு, தொடர்ச்சியாகப் படிக்க வேண்டியதை மட்டும் நூலாக்குங்கள். 70 சதவீதத்தில் கோப்பின் எடைக்கும் பிடித்தம் உண்டு, படங்களைச் சுருக்கிவிடுங்கள். வரிப் படிவத்தில் பான் எண் கொடுத்தால் அமெரிக்க விற்பனைக்கான பிடித்தம் 30லிருந்து 15 சதவீதமாகும். பணம் மாதம் முடிந்து ஏறத்தாழ 60 நாளில் வரும்.

பதிவின் கீழே யுபிஐ க்யூஆர் வைப்பது எளிது, பிடித்தமில்லை. விருப்பத் தொகை என்று எழுதுங்கள், எதற்குச் செலவாகும் என்றும் ஒரு வரி சொல்லுங்கள்.

இவை எல்லாமே வருமானம்தான், சிறிதானாலும் வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும். கமிஷனில் முன்கூட்டியே பிடிக்கப்பட்ட வரி (டிடிஎஸ்) வருமான வரித் தளத்தில் தெரியும், உங்களுக்கு வரி இல்லையென்றால் திரும்பக் கேட்கலாம். சேவை வருமானம் ஆண்டுக்கு 20 லட்சம் தாண்டும் வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம். அரசு ஊழியர்கள் தங்கள் நடத்தை விதிகளைப் பார்த்து, துறையில் எழுத்து மூலம் அனுமதி பெற்றுவிட்டே விளம்பரத்தைத் தொட வேண்டும்.

வருகை கூடியதும் "விருந்தினர் பதிவுக்குப் பணம் தருகிறோம்" என்று மின்னஞ்சல்கள் வரும். பல சூதாட்டத் தளங்களுக்கு இணைப்புக் கேட்பவை. காசு வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு விளம்பரம் செய்வதை 2025ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது, பதில்கூடப் போட வேண்டாம். நர்சரியோ உரக்கடையோ நேர்மையாகக் கேட்டால் ஏற்கலாம். "விளம்பரம்" என்று பதிவின் தொடக்கத்திலேயே தமிழில் எழுதுங்கள், இணைப்பில் அது பணம் பெற்றது என்று தேடுபொறிக்குச் சொல்லும் ஸ்பான்சர்டு குறியைச் சேருங்கள். பொருளை ஒரு பட்டம் முழுக்கப் பயன்படுத்திப் பார்த்த பிறகே எழுதுவேன், குறையையும் எழுதுவேன் என்று முன்பணம் வாங்கும் முன்பே மின்னஞ்சலில் சொல்லி ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.