இறங்கலாமா என்று கேட்டவருக்கு

“சார், தண்ணி எப்படி? ஜனங்கள இறங்க விடலாமா?”

“ரிப்போர்ட் வரட்டும், சொல்றேன்.”

ஐப்பசி மழை ஓய்ந்த மறுநாள் காலை, சென்னை எலியட்ஸ் கடற்கரையில், சோதனைக்குக் கடல்நீர் மாதிரி எடுக்கப் போன என்னிடம் ஒரு லைஃப் கார்டு கேட்டதும் நான் சொன்னதும் இவ்வளவுதான். அதை மனம் இன்னும் விடவில்லை.

விதிப்படி அந்தப் பதில் சரி. தண்ணீரின் நிறத்தைப் பார்த்துக் கிருமியைச் சொல்ல முடியாது. இடுப்பளவு ஆழத்தில், மேற்பரப்புக்கு 30 செ.மீ. கீழே குப்பியைக் கவிழ்த்து இறக்கி, வாயை அலை வரும் பக்கம் திருப்ப வேண்டும். காலால் மணலைக் கிளறிவிட்டால் அதில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாவும் சேர்ந்து எண்ணிக்கை ஏறிவிடும். ஐஸ் பெட்டியில் வைத்து 6 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர்க்க வேண்டும். அங்கே சோதனைக் குழாய்களில், கிருமி வளர்க்கும் சத்துக்கரைசலான லாரில் டிரிப்டோஸ் ப்ராத்தில் 35 டிகிரியில் 24 மணி நேரம். வாயுவைப் பிடிக்க உள்ளே கவிழ்த்து வைக்கும் சின்ன டர்ஹாம் குழாயில் வாயு தேங்காதவற்றுக்கு இன்னும் 24. வாயு வந்தவற்றை, மலக் கிருமிகளை உறுதிசெய்யும் ஈ.சி. ப்ராத்துக்கு மாற்றி 44.5 டிகிரியில் மறுபடி 24. குளிக்கும் கடல்நீரில் 100 மில்லிக்கு 100 மலக் கோலிஃபார்ம் (மலம் கலந்ததைக் காட்டும் பாக்டீரியா) என்ற வரம்போடு அதன்பிறகுதான் ஒப்பிட முடியும்.

அந்த மூன்று நாளில் நான் மொண்ட தண்ணீர் எங்கோ போயிருக்கும். வெயில் பாதியைக் கொன்றிருக்கும், புதுச் சாக்கடை வந்து கலந்திருக்கும். வாயு வந்த குழாய்களை எண்ணி மதிப்பிடும் இந்த ஐந்து குழாய் முறையில் 110 என்று வந்தாலும் உண்மை அதில் பாதிக்குக் கீழேயும் இருக்கலாம், இருமடங்குக்கு மேலேயும் இருக்கலாம். ஒற்றை மாதிரியை நம்பி யாரையும் இறக்கவும் கூடாது, தடுக்கவும் கூடாது என்றுதான் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் அந்த லைஃப் கார்டு எண்ணிக்கையைக் கேட்கவில்லையே. வடகிழக்குப் பருவத்தில் கரையோர நீரோட்டம் தெற்கே ஓடும். வடக்கே அடையாற்று முகத்துவாரம். வெள்ளம் மணல்திட்டை உடைத்துவிட்டால், அதுவரை உள்ளே தேங்கிய கழிவுநீர் முதலில் இந்தப் பக்கம்தான் வரும். இதைச் சொல்லச் சோதனைக் குழாய் எதற்கு? கலிஃபோர்னியாவில் மழைக்குப் பின் 72 மணி நேரம் கடலில் இறங்க வேண்டாம் என்று ரிப்போர்ட்டுக்குக் காத்திராமலே எச்சரிக்கிறார்கள்.

அந்த விதியை அப்படியே இங்கே கொண்டுவரவும் முடியாது. நம் ஆற்றில் மழை இல்லாத நாளிலும் சாக்கடை ஓடுகிறது. முகத்துவாரம் தை வரை திறந்திருந்தால் தை வரை தடுப்பதா? சுண்டல் விற்பவர்கள் என்ன செய்வார்கள்? கையெழுத்தாகாத முடிவை வாயால் சொல்ல எனக்கு அதிகாரமும் இல்லை. இருந்தாலும் திட்டு உடைந்திருக்கிறதா, நுரை எந்தப் பக்கம் நகர்கிறது என்ற இரண்டையும் பார்க்க அவருக்குச் சொல்லியிருக்கலாம். குழந்தைகளையாவது கரையேற்றியிருப்பார்.

அந்த வார மாதிரி வரம்புக்குள்தான் வந்தது.