உப்புத் தின்ற வண்டி

பட்டனை அமுக்கினால் ‘டக்’ என்று ஒரு சத்தம். அதன்பின் வயிற்றுவலிக்காரர் முனகுவதுபோல் ‘ம்ம்ம்’. அவ்வளவுதான். எங்கள் ஆர்.வி.யை, அதாவது உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டியைத் தாங்கி நின்ற நாலு ஜாக்கும் தரையை விட்டு அசையவில்லை.

அரிசோனாவில் பேஜ் என்ற ஊர், பவல் ஏரிக்கரை முகாம், காலை எட்டரை மணி. மானுமென்ட் வேலி என்ற செம்பாறைப் பள்ளத்தாக்கில் மூன்று மணிக்கு ஜீப் சுற்றுலாவுக்குப் பணம் கட்டியிருந்தோம். 200 கிலோமீட்டர் தூரம். இதில் ஒரு கூத்து உண்டு: அரிசோனாவில் கோடைக்கு மணியை மாற்ற மாட்டார்கள், மானுமென்ட் வேலி இருக்கும் நவஹோ பழங்குடியினர் நிலத்தில் மாற்றுவார்கள். அவர்களுக்கு மூன்று என்றால் பேஜில் இரண்டு. ஆக, பதினொன்றரைக்குள் சக்கரம் உருண்டாக வேண்டும்.

ஆர்.வி. ஓட்டாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மேடுபள்ளமான இடத்தில் வண்டியைச் சமமாக நிறுத்த நாலு இரும்புக் கால்கள் உண்டு, அவைதான் ஜாக். எண்ணெய் அழுத்தத்தால் (ஹைட்ராலிக்) இறங்கும். எங்கள் வண்டியில் மேலே ஏறவும் பம்ப் ஓட வேண்டும். கால் ஊன்றியபடி வண்டியை எடுத்தால் கால் முறியும்.

ஹைட்ராலிக் என்றாலே எண்ணெய்தான் குற்றவாளி என்று நினைப்பேன். தொட்டியைத் திறந்தேன், மட்டம் குறைவு. எண்ணெய் பாட்டிலைச் சாய்க்கப் போனபோது பக்கத்து வண்டிப் பெரியவர் காபிக் கோப்பையோடு ஓடி வந்தார். கால்கள் இறங்கியிருக்கும்போது எண்ணெய் சிலிண்டருக்குள் இருக்கும், தொட்டியில் குறைவாகத்தான் தெரியும். இப்போது நிரப்பினால் கால் ஏறும்போது வழியும் என்றார். மூடிவிட்டேன்.

அடுத்து வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர். பேட்டரியில் 12.6 வோல்ட். “பேட்டரி நல்லாத்தான் இருக்கு” என்று பெருமையாகச் சொன்னேன். பெரியவர் சிரித்தார். சும்மா இருக்கும் பேட்டரி எப்போதும் நல்ல பிள்ளைதான். பட்டனை அமுக்கச் சொல்லி அப்போது அளக்க வேண்டுமாம். ‘டக்’ என்பது ரிலேயின், அதாவது மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்சின் சத்தம். அதற்குக் கொஞ்சம் கரண்ட் போதும். பம்ப் மோட்டாரோ 100 ஆம்பியருக்கு மேலும் கேட்கும். ரிலே தட்டுகிறது என்பதால் மோட்டாருக்குத் தீனி போய்ச் சேர்கிறது என்று அர்த்தமில்லை.

சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தோம். நல்லவேளை, பம்ப் பக்கவாட்டுப் பெட்டியில் இருந்தது, வண்டிக்கு அடியில் தலையை நுழைக்க வேண்டியதில்லை. மகள் உள்ளேயிருந்து பட்டனை அமுக்க, பேட்டரியில் 12.1. மோட்டாரில் 6.8. மீதி எங்கே? பேட்டரி பிளஸ்ஸிலிருந்து மோட்டார் பிளஸ்ஸுக்கு வைத்துப் பார்த்தால் 0.4, பரவாயில்லை. பேட்டரி மைனஸிலிருந்து மோட்டார் உடம்புக்கு வைத்தால் 4.9! போகும் பாதை சரி, திரும்பும் பாதையில் கரண்ட் சிக்கிக்கொண்டிருந்தது. அதாவது எர்த்.

மோட்டாரின் எர்த் ஒயர் வண்டிச் சட்டத்தில் ஒரு போல்ட்டில் மாட்டியிருந்தது. தொட்டேன், சுட்டது. கழற்றினால் ஒயர் முனைக்கும் சட்டத்துக்கும் நடுவே அப்பளம்போல் துரு, பொடிப்பொடியாய் உதிர்ந்தது. வண்டியை மிச்சிகனில் பழையதாக வாங்கினேன். பனிக்காலத்தில் அங்கே சாலைக்கு உப்புத் தூவுவார்கள். உப்பைத் தின்றது வண்டி, தண்ணி குடித்தது நான்.

சந்தேகம் தீர, ஜம்பர் கேபிளை எடுத்து ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறுமுனையை மோட்டார் உடம்பிலும் கவ்வவைத்தார் பெரியவர். மகள் அமுக்கினாள். மோட்டார் உறுமிய உறுமலில் பக்கத்து மரத்துக் காக்கைகள் பறந்தன. கால்கள் நாலும் மடமடவென்று ஏறிவிட்டன.

கேபிளோடு ஓட்ட முடியாதே. உப்புத்தாளால் இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து (உப்பு செய்த கெடுதலுக்கு உப்புத்தாள்!), போல்ட்டை இறுக்கி, மறுபடி அளந்தேன். 0.2. பெரியவருக்கு இரண்டு இட்லியும் மிளகாய்ப் பொடியும் கொடுத்தோம். பொடியைச் சர்க்கரை என்று நினைத்துவிட்டார், பாவம்.

பதினொன்று இருபதுக்குக் கிளம்பினோம். ஜீப்பும் கிடைத்தது, செம்மண் புழுதியும் கிடைத்தது. அந்தியில், கையுறை மாதிரி நிற்கும் அந்த இரண்டு குன்றுகளுக்கு எதிரே வண்டியை நிறுத்தினேன். ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. பட்டன் பக்கம் கையை நீட்டினேன்.

“ஏங்க, அதைத் தொடாதீங்க. இன்னிக்கு ஒரு நாள் சாஞ்சே தூங்கிக்கலாம்” என்றாள் மனைவி.