செல்விக்கு என்ன வேணும்? உப்பளக் குறுநாவல், இதுவரை

என் குறுநாவலின் நாயகி செல்வி, தூத்துக்குடி அளத்தில் கூலிக்கு உப்பு வாருகிறவள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டித் தீர்த்த மழைக்குப் பிறகு கதை தொடங்குகிறது. குவித்து வைத்த உப்பு கரைந்துபோய், பாத்தியெல்லாம் சேறு. களம் வலுவாக அமைந்துவிட்டது, செல்விதான் அசையவில்லை. கூப்பிட்டால் போகிறாள், திட்டினால் அழுகிறாள்.

முதலில், மகளை எப்படியாவது படிக்க வைத்துவிட வேண்டும் என்ற ஆசையைக் கொடுத்துப் பார்த்தேன். நெஞ்சைத் தொடும் ஆசைதான். ஆனால் அதற்காக நாளைக் காலையில் எழுந்து என்ன செய்வாள்? வழக்கம்போல வேலைக்குத்தான் போவாள். கடனை அடைக்க வைத்தேன். வட்டி கட்டுவதைத் தாண்டிக் கதை நகரவில்லை.

பிறகு ஆசையைத் தேடுவதை விட்டுவிட்டு, அளத்து வேலையையே வரிசையாக எழுதிப் பார்த்தேன். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இறங்கினால் உற்பத்தி நின்றுவிடும். மழை மாதங்களுக்கு அரசு தரும் 5000 ரூபாய் நிவாரணத்தை வைத்துத்தான் பல வீடுகள் ஓடுகின்றன. கெட்டுப்போன பாத்தியை மீட்பதென்றால் சேற்றை அள்ள வேண்டும், தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும், ஆழ்துளைக் கிணற்றிலிருந்து எடுக்கும் உப்புத் தண்ணீரைப் பாத்தி பாத்தியாக மாற்றிக் காயவிட வேண்டும். அந்தத் தண்ணீரின் அடர்த்தி, அதை அளக்கும் பாமே அளவில் 25 டிகிரியைத் தொட்டால்தான் உப்பு இறங்கும். அதுவரை காசு கிடையாது. கெடுவும் செலவும் வலியும் தொழிலுக்குள்ளேயே இருந்தன.

அதிலிருந்துதான் செல்வியின் இலக்கு கிடைத்தது. முதலாளி கைகழுவ நினைக்கும் பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்து, மழைக்கு முன்னால் தன் பேரில் ஒரு லோடு உப்பு ஏற்ற வேண்டும். அந்தக் காட்சி இப்போது இப்படி நிற்கிறது:

"அண்ணாச்சி, அந்த வடக்குப் பாத்திய எனக்கு விடுங்க."

"சேறுல்லா கெடக்கு. ஒனக்கு எதுக்கும்மா அது?"

"அள்ளிருவேன். அக்டோபருக்குள்ள குத்தகைக் காச எண்ணி வச்சிருதேன்."

அவள் இவ்வளவு பேசுவாள் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஏன் இந்தப் பிடிவாதம் என்பதற்கும் வழி கிடைத்தது. இத்தனை வருஷமும் தண்ணீரைப் பார்த்து "இன்னைக்கு வாரு" என்று சொன்னவர் கங்காணி. அந்தச் சொல்லை ஒருநாளாவது தான் சொல்ல வேண்டும் என்பதுதான் அவள் உள்ளுக்குள் வைத்திருக்கும் வேட்கை. இதை அவள் வாயால் சொல்ல விடமாட்டேன். கங்காணி சொல்வதற்கு முன்பே அவள் கை உப்பு வாரும் பலகையை எடுத்துவிடுவதாக ஒரு வரி போதும்.

தடை வெளியாளாக இருக்க வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். கூட வாரும் மதினிக்கும் அதே பாத்திமேல் கண். அவளிடமும் நியாயம் இருக்கிறது, அவள் வீட்டுக்காரர் அந்தத் தரையை மிதித்தே முழங்கால் போனவர். இருவரில் யாருக்குப் பாத்தி கிடைத்தாலும் மற்றவள் மறுநாள் அதே வரப்பில் நடக்க வேண்டும். இந்த அத்தியாயத்தைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். மதினி செல்வியிடம் நேரடியாகக் கேட்பாளா, முதலாளியிடம் தனியாகப் போவாளா என்பதை இரண்டு விதமாகவும் எழுதிப் பார்க்கப் போகிறேன்.